அந்துருண்டை நெடி

கோயிலில் தெற்குப் பார்த்து உட்கார்ந்திருக்கும் தட்சிணாமூர்த்தியைப் பார்த்திருப்பீர்கள். குரு வாலிபர். காலடியில் இருக்கும் சீடர்களோ தாடி நரைத்தவர்கள். புதுச்சேரியில் ஒரு மாடியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் நடந்த வகுப்பும் அப்படித்தான். குருவுக்கு நாற்பத்து நான்கு வயது, சீடருக்கு அறுபத்தொன்று. அங்கே மௌனத்தால் உபதேசம், இங்கே ஒயினால். தெய்வக் குற்றமென்றால் மன்னிக்கவும், எனக்கு வேறு உவமை கிடைக்கவில்லை.

குருவின் பெயர் புளோரா. ஒயின் விற்கும் ஒரு கம்பெனிக்கு ருசி பார்த்துச் சொல்வது அவர் உத்தியோகம். வாயில் ஊற்றுவார், கொப்புளிப்பார், படிக்கத்தில் துப்புவார், நோட்டில் எழுதுவார். ஒரு சொட்டு உள்ளே போகாது. பல் கூசும், ஈறு எரியும், சில நாள் ரசம் சோறுகூட இறங்காது. தெருவில் என்னவோ அவர் குடித்தே சம்பாதிப்பதாகப் பேச்சு. அவரும் மறுத்து மறுத்து அலுத்துப்போய் விட்டுவிட்டார்.

சீடர் கோதண்டபாணி. அரசாங்க அலுவலகம் ஒன்றில் முப்பத்தொரு வருஷம் வந்த தபாலுக்கெல்லாம் நம்பர் போட்டு உள்ளே அனுப்பியவர். ஒரு தபாலைப் பற்றியும் அவர் அபிப்பிராயத்தை யாரும் கேட்டதில்லை. வீட்டிலும் கேட்டதாகத் தகவல் இல்லை.

ஓய்வு பெற்றதும் புளோராவின் வகுப்பில் சேர்ந்தார். நான்கு மாதம் கழித்து, எழுநூறு ரூபாய்க்கு மேல் போகாத ஒயின்களாக வாங்கி, வீட்டில் ருசித்து, போனில் ஒரு பக்கம் தொடங்கி எழுத ஆரம்பித்தார். அதற்கு 'எளியவன் கோப்பை' என்று பெயர். விலை உயர்ந்ததைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள், நம்மைப் போன்றவனுக்கு யார் சொல்வது என்று முதல் நாளே எழுதினார். ஜனங்களுக்கு அது பிடித்துவிட்டது. கடைக்காரர்கள் அவர் எழுதியதை அச்செடுத்து பாட்டில் பக்கத்தில் ஒட்டினார்கள். கடற்கரைச் சாலையில் முன்பின் தெரியாதவர்கள் நிறுத்தி, விருந்துக்கு எது வாங்கலாம் சார் என்று கேட்டார்கள். அன்றைக்கெல்லாம் மனிதர் முதுகு நிமிர்ந்து வீடு திரும்புவார். பாவம், அறுபது வயதுக்கு மேல் கிடைத்த மரியாதை.

அப்புறம்தான் 'சாரல்' வந்தது. கம்பம் பக்கம் ஒரு சின்ன ஆலையில் செய்த ஒயின், அறுநூற்று நாற்பது ரூபாய். கோதண்டபாணி அதற்குப் பத்துக்கு இரண்டு போட்டார். கூடவே இப்படி எழுதினார்: "கோப்பையை மூக்கருகே கொண்டுபோனதும் அந்துருண்டை நெடி. இதைச் செய்தவரைத் திராட்சைத் தோட்டத்தில் தேடாதீர்கள், துணிக்கடையில் தேடுங்கள்."

அவர் எழுதியதிலேயே ஜனங்கள் அதிகம் சிரித்தது அதற்குத்தான். மூன்று கடைகள் சாரலைத் திருப்பி அனுப்பின.

பத்து நாள் கழித்து அதைச் செய்தவர் போனில் கூப்பிட்டார். ஜெயமணி என்று பெயர் சொன்னார். சண்டைக்கு வந்திருந்தால் கோதண்டபாணிக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அந்த ஆள் திட்டவே இல்லை. தொட்டியைக் கழுவிப் பார்த்தேன், குழாயை மாற்றிவிட்டேன், தக்கையை மாற்றிவிட்டேன், எனக்கு அந்த நெடி தெரியவே மாட்டேனென்கிறது, என் மூக்கில்தான் கோளாறு போலிருக்கிறது என்றார். அதே திராட்சையில் இன்னும் இரண்டு தொட்டி இருக்கிறதாம். திங்கட்கிழமைக்குள் காரணம் தெரியாவிட்டால் இரண்டையும் திறந்து வாய்க்காலில் விட்டுவிடப் போகிறாராம். கடைசியில், "நான் எந்த இடத்துல தப்பு பண்ணேன்னு மட்டும் சொல்லுங்க சார்" என்றார்.

கோதண்டபாணிக்குத் தெரிந்தால்தானே சொல்ல.

அடுத்த நாள் ஞாயிறு. சித்திரை வெயில். வகுப்பு முடிந்து எல்லோரும் போனபின் புளோரா மேசையில் தலை சாய்த்துக் கிடந்தார். காலையிலிருந்து இருபத்தாறு ஒயின். எதிரே ஒரு சொம்பு மோர், அதையும் குடிக்கத் தெம்பில்லை. கோதண்டபாணி ராத்திரி முழுக்கத் தூங்காத முகத்தோடு வந்து விஷயத்தைச் சொன்னார். தொட்டியில் என்ன கெட்டால் அந்துருண்டை வாசம் வரும் என்று கேட்டார்.

அப்படி ஒரு கோளாறைத் தான் பார்த்ததில்லை என்றார் புளோரா. சாரலை எதில் ஊற்றிக் குடித்தீர்கள் என்று கேட்டார். வீட்டு கிளாஸ்தான் என்றார் இவர். போய் எடுத்து வாருங்கள் என்றார் குரு.

இரண்டு தெரு தள்ளி வீடு. கோதண்டபாணி அந்த வெயிலில் நடந்து போய், பழைய வேட்டித் துணியில் சுற்றிய கிளாஸைப் பையில் போட்டு எடுத்து வந்தார். புளோரா அதை வாங்கி, அவர் கண்ணெதிரேயே கேன் தண்ணீரைக் கால் கிளாஸ் பிடித்து அவர் முன்னால் வைத்தார்.

"எழுதுங்க சார்."

"தண்ணிக்கா?"

"ஆமா. மூக்குல ஆரம்பிங்க."

இவர் சிரித்துக்கொண்டேதான் எடுத்தார். வழக்கம்போல ஒரு சுழற்று சுழற்றினார். மூக்கை உள்ளே விட்டார். அப்படியே நின்றுவிட்டார்.

கிளாஸை மெதுவாக மேசையில் வைத்தார். இது எங்கே இருக்கும் என்று புளோரா கேட்டார். சொல்ல வெட்கமாகத்தான் இருந்தது, சொன்னார். அவர் மனைவி காமாட்சிக்கு எல்லாம் சம்மதம்தான், ஆனால் சாமி படம் மாட்டிய சமையலறைக்குள் ஒயின் கிளாஸ் நுழையக் கூடாது. அதனால் குளியலறையில் கழுவி, படுக்கையறை பீரோவில் பட்டுப்புடவைகளுக்குக் கீழ்த்தட்டில் கவிழ்த்து வைப்பார். துடைக்கிற துணியும் அதே தட்டில்தான். அந்துருண்டை போடாத பீரோ எந்த வீட்டில் இருக்கிறது?

புளோரா போனை எடுத்து 'எளியவன் கோப்பை'யைப் புரட்டினார். குரலில் கோபமெல்லாம் இல்லை, களைப்புதான்.

"பிரான்ஸ்லேருந்து வந்ததுக்கு, பழைய மாதா கோயில் மரக்கதவின் மணம்னு எழுதியிருக்கீங்க. இத்தாலிக்கு, முதிர்ந்த பீப்பாயின் ஆழம். சிலிக்கு, நூலகத்தின் அமைதி."

கோதண்டபாணி கிளாஸை எட்டத் தள்ளி வைத்தார்.

"எல்லாம் ஒரே பீரோதான் சார். கம்பத்துக்கு மட்டும்தான் அந்துருண்டைனு உள்ளதைச் சொல்லியிருக்கீங்க."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவருக்கு ஆடத் தெரியும், கூடம்தான் நிஜமாகவே கோணல், ஆனால் அது அவருடைய சொந்தக் கூடம். இதை யாரிடம் போய்ச் சொல்வது? ஊர் கைகொட்டிச் சிரிக்கும். சாரலைப் பார்த்துச் சிரித்தவர்களே இன்னும் பலமாகச் சிரிப்பார்கள். கடற்கரைச் சாலையில் நிறுத்திக் கேட்டவர்கள் பார்க்காதது போலப் போவார்கள். மறுபடியும் தபாலுக்கு நம்பர் போடுகிறவராகிவிடுவார்.

அவர் யோசித்து ஒரு வழி சொன்னார். சாரலைப் பற்றி எழுதியதைச் சத்தமில்லாமல் எடுத்துவிடுகிறேன். ஜெயமணியிடம், நான் குடித்த பாட்டில் வெயிலில் கிடந்து கெட்டிருக்கலாம், தொட்டியைத் திறக்க வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். அடுத்த வருஷம் சாரல் வந்தால் தாராளமாக எட்டு மதிப்பெண் போட்டு ஈடு கட்டிவிடுகிறேன். கிளாஸ் விஷயம் உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்ததாக இருக்கட்டும் என்றார்.

"தொட்டி தப்பிச்சிடும் இல்லையா டீச்சர்? அது போதாதா?"

புளோரா சொம்பைக் கையில் எடுத்தார். மோரில் ஒரு வாய் குடித்துவிட்டுத் தன் கதையைச் சொன்னார்.

அப்போது அவருக்கு முப்பது வயது. உத்தியோகத்தில் கொஞ்சம் பேர் வந்திருந்த நேரம். திண்டுக்கல் தாண்டி ஒரு விவசாயி, அய்யனுத்து என்று பெயர், மூன்று ஏக்கரில் ஒயின் திராட்சை போட்டு, முதல் காய்ப்பில் செய்த ஒயினோடு வந்தார். அன்றைக்கு நாற்பது பாட்டில் வரிசையில் இருந்தது. அவருடையது முப்பத்தெட்டாவது. புளோராவுக்கு நாக்கு மரத்துப் போயிருந்தது. நாளைக்குப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. திராட்சையிலேயே சத்தில்லை, உங்கள் மண்ணுக்கு இது ஒத்துவராது என்று எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

மறுநாள் காலையில் மிச்சமிருந்ததை எடுத்து வாயில் ஊற்றினார். அந்த வருஷம் அவர் ருசித்ததிலேயே நல்ல ஒயின் அது.

"கூப்பிட்டுச் சொன்னீங்களா?" என்று கேட்டார் கோதண்டபாணி.

"இல்ல சார். அடுத்த வருஷம் கொண்டு வருவார், அப்போ நல்லதா எழுதி ஈடு கட்டிடலாம்னு இருந்தேன்."

கோதண்டபாணிக்கு முகம் சுண்டிவிட்டது.

அடுத்த வருஷம் அய்யனுத்து வந்தார். ஒயினோடு வரவில்லை. கொடிகளையெல்லாம் பிடுங்கிவிட்டு வாழை வைத்திருந்தார். கையெடுத்துக் கும்பிட்டாராம். எல்லாரும் பார்க்கலாம் பார்க்கலாம் என்று என்னை இழுத்தடித்தார்கள், நீங்கள் ஒருத்தர்தான் முகத்துக்கு நேரே உண்மையைச் சொன்னீர்கள், இல்லாவிட்டால் இன்னும் பத்து வருஷம் அந்தக் கொடியைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பேன் என்றாராம். அப்போதும் புளோரா வாயைத் திறக்கவில்லை. கும்பிட்ட கையைப் பார்த்தபின் எப்படித் திறப்பது?

"இப்பவாவது அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது. பதினாலு வருஷமாச்சு. தை பொறந்தா லாரியில ஒரு வாழைத்தார் அனுப்பிடுவார். 'உண்மையைச் சொன்ன அம்மாவுக்கு'னு சீட்டு எழுதிக் கட்டியிருக்கும்."

புளோரா எழுந்தார். கிளாஸிலிருந்த தண்ணீரைப் படிக்கத்தில் கொட்டிவிட்டு மேசையைத் துடைக்க ஆரம்பித்தார்.

 கோதண்டபாணி போனை எடுத்தார். ஜெயமணியின் எண்ணைத் தேடி எடுத்தார். அழுத்திக் காதில் வைத்துக்கொண்டார். மணி அடித்துக்கொண்டிருந்தது. கம்பத்தில் யாரும் எடுக்கவில்லை. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியாமல், ஏதாவது பேச வேண்டுமே என்று கேட்டார்.

"அந்தப் பழம் எப்படி இருக்கும் டீச்சர்?"

புளோரா துடைப்பதை நிறுத்தவில்லை.

"தெரியாது சார். இதுவரைக்கும் ஒண்ணுகூட உரிச்சதில்ல."