மேட்டுப்பாளையம் வரை போய்த் திரும்பிய லில்லி

எனக்குப் பொய் பேசத் தெரியாது. அந்த வசதியெல்லாம் படித்தவர்களுக்கு. நான் குன்னூர் மார்க்கெட்டில் காரட் மூட்டை தூக்கி, அடி வாங்கி, அடி கொடுத்து, பேரம் பேசியே ஒரு நர்சரிக்கு முதலாளி ஆனவன். சூசைமாணிக்கம் எங்கே என்று விசாரித்தால், "அந்தக் கோவக்காரனா?" என்று சொல்லித்தான் வழி காட்டுவார்கள். நம்புகிறவர்கள் உள்ளே வரலாம். நம்பாதவர்கள் வேலிக்கு வெளியே நின்று கேட்கலாம். என் தொட்டி மேல் மட்டும் காலைத் தூக்கி வைக்க வேண்டாம்.

போன மே மாதம் பக்கத்து பங்களா பெனடிக்டா அம்மா வந்தார்கள். என் வேலிக்கு அந்தப் பக்கம் அவர்களுடைய ஹோம்ஸ்டே. அங்கே கிழட்டு சைப்ரஸ் மரங்கள். அடியில் ஒரு பொட்டு வெயில் விழாது, ஒரு புல் முளைக்காது. மழை வந்தால் சேறுதான். தங்க வருகிறவர்கள் அறையைப் படம் எடுக்காமல் சேற்றைப் படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்புகிறார்களாம். அம்மா தனியாக வரவில்லை. டைல்ஸ் போடும் பேரின்பத்தையும் கையில் அளவு டேப்போடு கூட்டி வந்திருந்தார்கள். சிமெண்ட் டைல்ஸா, செடியா, அன்றைக்கே முடிவு.

என் நிலவரம் என்னவென்றால், நிழல்வலைக்கு அடியில் பள்ளத்தாக்கு லில்லி பை பையாக நின்றது. அகலமாக இரண்டு இலை, நடுவில் ஒரு காம்பு, காம்பில் வரிசையாகத் தொங்கும் சின்னச் சின்ன வெள்ளை மணிப்பூ. மழைக்கு முன்னால் மண்ணில் இறங்காவிட்டால் வேர் பைக்குள்ளேயே சுருண்டு அழுகிவிடும். குன்னூரில் வேறு எவனும் வாங்க மாட்டான். எல்லாரும் ரோஜா ரோஜா என்றே சாவார்கள். அம்மா கைவிட்டால் மொத்தமும் குப்பைக்குழிக்குத்தான். அது அவர்களுக்குத் தெரியலாமா? வாங்க வந்தவர் முன்னால் அவசரத்தைக் காட்டுகிறவன் வியாபாரியா? கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"இது நிழல்ல வருமாப்பா?" என்றார்கள்.

"வருமாவா? அம்மா, இதுக்கு நிழல்னா உசிரு. போன வருஷம் இதே இடத்துல ஒரு கோயமுத்தூர் வியாபாரியோட பேரம் பேசிட்டு நின்னேன். அவனும் இறங்கல, நானும் இறங்கல. ஒருவழியா முடிச்சு நகரப் பாக்கறேன், கால் வரல. குனிஞ்சா, என் நிழல் விழுந்த இடம் பூரா முளைச்சு, முழங்கால் வரைக்கும் பூ! என் ஆளுங்க கடப்பாரை போட்டு என்னைத் தோண்டித்தான் எடுத்தாங்க."

பேரின்பம் டேப்பை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே கேட்டான்: "அந்த வியாபாரி நிழல்ல முளைக்கலையாண்ணே?"

"அவன் கஞ்சன். நிழலை மடிச்சுப் பாக்கெட்டுல வெச்சிட்டுத்தான் நின்னான்."

அம்மா சிரிக்கவில்லை. "இது விஷச்செடின்னு சொல்றாங்களே? தங்க வர்றவங்க குழந்தை குட்டியோட வர்றாங்க."

இந்த இடத்தில் விளையாடக் கூடாது. "ஆமாம்மா. இலை, பூ, சிவப்புப் பழம், வேர், அத்தனையும் விஷம். குழந்தைங்க கைக்கு எட்டற மாதிரி வெக்கக் கூடாது. மரத்தடில உள்ளடங்கி வெச்சு, முன்னால கம்பி கட்டணும்" என்றேன். சொன்ன உடனே அம்மாவின் முகம் டேப் பக்கம் திரும்பியது. உண்மை பேசினால் இதுதான் லாபம்! சட்டென்று சரிக்கட்டினேன்.

"அந்த விஷத்தாலதான் எனக்குக் காட்டெருமைத் தொல்லையே போச்சும்மா. ஒத்தை எருமை, ஜீப்பு சைஸ். என் ரோஜாவையெல்லாம் மேஞ்சுட்டு இதுகிட்ட வந்துச்சு. ஒரு தடவை மோந்து பாத்துச்சு. அவ்வளவுதான். தலையைக் குனிஞ்சுக்கிட்டு, வந்த தடத்துலயே கால் வெச்சு, பின்பக்கமாவே நடந்து போயிடுச்சு. மறுநாள் கூட்டத்தையே கூட்டியாந்து, தள்ளி நின்னு, குட்டிங்களுக்கு இதைக் காட்டிட்டுப் போச்சு."

"டைல்ஸையும் எருமை திங்காதுண்ணே" என்றான் பேரின்பம்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "டேய், உன் டைல்ஸ் மணக்குமாடா? இது பூத்தா மேல ரோட்டுல போற பஸ்ஸு தானா நிக்கும். டிரைவர் பிரேக்கை மிதிக்கறதில்ல, பஸ்ஸுக்கே போக மனசு வராது. கண்டக்டர் விசில் ஊதினா விசில்லேர்ந்து வாசனைதான் வருது, சத்தம் வரல!"

"அதான் இந்த பஸ்ஸெல்லாம் லேட்டா வருதா?" என்றார்கள் அம்மா. "மணம் இருக்கட்டும் சூசை. எனக்கு மழையில சேறு ஓடக் கூடாது. மண்ணைப் புடிச்சு நிக்குமா?"

"சேறா? மலையையே நிறுத்தின செடிகிட்ட சேத்தைப் பத்திக் கேக்கறீங்க! முன்ன ஒரு பெருமழையில எதிர் மலை மொத்தமா சரிஞ்சு வந்துச்சு, தேயிலையோட, கொழுந்து ஷெட்டோட. நேரா என் நர்சரி மேலதான். லில்லி வேரெல்லாம் மண்ணுக்கடியில கை கோத்துச்சு பாருங்க, மலை பாதி வழில நின்னுடுச்சு. இன்னும் அங்கயேதான் தொங்குது. வியூ பாயிண்ட்டுன்னு டூரிஸ்ட்டுங்க அது மேல ஏறித்தான் செல்ஃபி எடுக்கறாங்க."

பேரின்பம் கையை நெற்றியில் வைத்து எதிர் மலையைப் பார்த்தான். "ஷெட்டுக்குள்ள இருந்தவங்க?"

"டீ குடிச்சிட்டு இருந்தாங்க. ஒரு சொட்டு சிந்தல."

"சரி, வேகமா படருமா?" என்றார்கள் அம்மா. "அடுத்த சீசனுக்குள்ள எனக்குத் தரை மூடணும்."

வந்துவிட்டது வம்பு. இந்தச் செடி முதல் வருஷம் சம்பந்தி வீட்டுக்கு வந்த மாதிரி சும்மா உட்கார்ந்திருக்கும். இரண்டாம் வருஷம் கொஞ்சம் நகரும். மூன்றாம் வருஷம்தான் மூடும். குளிர்காலம் வந்தால் இலையைக் காயவிட்டு மண்ணுக்குள் படுத்துக்கொள்ளும். இதைச் சொன்னால் அடுத்த நிமிஷம் அங்கே டேப் விரியும். பேரின்பம் இரண்டே நாளில் வேலையை முடிக்கிறவன். விடுவேனா?

"வேகமா? அம்மா, ஒரு நாள் ஒரே ஒரு வேர்த்துண்டு என் சாக்குலேர்ந்து குன்னூர் ஸ்டேஷன்ல தவறி விழுந்துடுச்சு. மலை ரயிலும் கிளம்புச்சு, இதுவும் கிளம்புச்சு. ரயில் பல்சக்கரத்தைக் கடிச்சுக் கடிச்சு இறங்கிட்டிருக்கு. இது குகை இருட்டைப் பாத்ததும் பாய்ஞ்சுது. பாதி வழில ஹில்குரோவ் ஸ்டேஷன்ல ரயில் தண்ணி குடிக்கறதுக்குள்ள இது மேட்டுப்பாளையமே போயிடுச்சு. அங்க வெயிலைப் பாத்துச்சு. 'அடப்பாவிங்களா, இதுல எப்படிய்யா குடும்பம் நடத்தறீங்க'ன்னு இலையால மூஞ்சியைப் பொத்திக்கிட்டு, அப்படியே திரும்பி மேல ஏறிடுச்சு. ரயில் கல்லாறைத் தாண்டறதுக்குள்ள என் கேட்டுக்கு வந்துடுச்சு!"

பேரின்பம் ஒரு காலித் தொட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டான். "மூச்சு வாங்கலையாண்ணே?"

"செடிக்கு ஏதுடா மூச்சு? அதனாலதான் ஜெயிச்சுது."

அவன் டேப்பைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டான். முடிந்தது கதை, டைல்ஸ் அவுட் என்று நினைத்துக்கொண்டேன். "எத்தனை பை எடுத்து வெக்கட்டும்மா?"

அம்மா மெதுவாக நடந்து போய் வேலிக்கம்பியைத் தொட்டுப் பார்த்தார்கள். "சூசை, இதுக்கு அந்தப் பக்கம் என் மரம்தானே?"

"ஆமாம்மா. எட்டிக் கை நீட்டினா மரம். வண்டி வாடகைகூட உங்களுக்கு மிச்சம்."

"அங்க நல்ல நிழல்தானே?"

"நிழலா? பட்டப்பகல்ல டார்ச் வேணும்!"

"அப்ப நான் எதுக்குப்பா பை வாங்கணும்? மேட்டுப்பாளையம் போயிட்டு வந்தது இந்த ஒரு வேலியைத் தாண்டாதா? அடிக்கம்பியைத் தூக்கி விட்டுடறேன். நாளைக்குக் காப்பி குடிக்கறதுக்குள்ள வந்துடும்."

பேரின்பம் சிரித்த சிரிப்பில் தொட்டி உடைந்தது. அவனை அப்புறம் கவனித்துக்கொள்ளலாம். இப்போது என்ன பதில் சொல்வது? வராது என்றால் நான் புளுகன். வரும் என்றால் சரக்கு இனாம். மார்க்கெட்டில் இத்தனை வருஷம் எவனும் என்னை இப்படி இரண்டு பக்கமும் மடக்கியதில்லை.

"வரும்மா, வராம எங்க போகும்?" என்றேன். "ஆனா பாருங்க, நடந்து வர்ற செடி களைச்சுப் போய் வரும். பூக்காது. பையில உக்காந்து வர்றதுதான் பூக்கும்."

"களைச்சே வரட்டும்ப்பா. களைச்சு வர்றவங்களைத் தங்க வெக்கறதுதானே என் தொழிலே" என்று அம்மா கேட்டைத் திறந்தார்கள். "பேரின்பம், டேப்பை எடு. அது வந்து சேர்ற வரைக்கும் டைல்ஸ் போட்டு வைப்போம்."