கண்ணைப் பார்த்துப் பேசு

பாளையங்கோட்டையில் பெனிட்டா என்றொரு குழந்தை உளவியலாளர் இருந்தார். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளும், காரணம் சொல்லத் தெரியாமல் பயந்து ஒடுங்கும் பிள்ளைகளும் அவரிடம் வந்தார்கள். அவரிடம் தொழில் கற்றுக்கொள்ள வந்தவர் கோமதிநாயகம். அறிவியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். குருவைவிட இருபது வயது மூத்தவர்.

மேலப்பாளையத்திலிருந்து ரஹ்மத் தன் ஆறு வயது மகள் நிலோபரைக் கூட்டி வந்தாள். நிலோபருக்கு ஆட்டிசம். ஏழெட்டு வார்த்தைதான் பேசுவாள். யார் முகத்தையும் பார்க்கமாட்டாள்.

"டீச்சர் முகத்தைப் பாத்தாத்தான் ஸ்கூல்ல சேப்போம்னு சொல்லிட்டாங்க. அதை மட்டும் பழக்கிக் குடுங்க" என்றாள் ரஹ்மத்.

அந்த மாதம் முழுக்க பெனிட்டாவுக்கு வெளியூர்ப் பள்ளிகளில் வேலை. நிலோபரின் பொறுப்பு கோமதிநாயகத்திடம் வந்தது.

அவர் முறுக்குத் துண்டைத் தன் கண்ணருகே பிடித்துக்கொண்டு, "என்னைப் பாரு" என்பார். பார்த்தால் முறுக்கு. மூன்றாவது வாரம் அவள் ஐந்து விநாடி அவர் கண்ணைப் பார்த்தாள். ரஹ்மத் சந்தோஷத்தில் அழுதுவிட்டாள்.

நான்காவது வாரம் ரஹ்மத் மட்டும் தனியாக வந்தாள்.

"சார், புள்ள இப்ப என்னை உம்மான்னு கூப்பிட மாட்டேங்குது. ஒரு வார்த்தை பேசல. நகத்தைக் கடிச்சு ரத்தம் வருது. ஆட்டோ சத்தம் கேட்டாலே கட்டிலுக்கு அடியில போயிருது."

பெனிட்டா ஊர் திரும்பியதும் கோமதிநாயகம் அவர் முன்னால் போய் நின்றார்.

"நிலோபர் கண்ணைப் பார்க்கப் பழகினா. பேச்சு போயிருச்சு. ஏன் மேடம்?"

பெனிட்டா தன் நாற்காலியை முழங்கால் இடிக்கும் அளவுக்கு அவர் பக்கம் இழுத்துப் போட்டார்.

"என் கண்ணைப் பாருங்க சார். எடுக்கக் கூடாது. நீங்க முதல்ல வேலை பார்த்த பள்ளிக்கூடத்துக்கு பஸ் ஸ்டாண்டுல இருந்து எப்படிப் போவீங்க? ஒவ்வொரு திருப்பமா சொல்லுங்க."

"இறங்கினதும் வலது பக்கம்... ஒரு மரக்கடை... அதைத் தாண்டி..."

அவர் பார்வை சுவருக்குப் போனது.

"கண்ணைப் பாருங்க."

பார்த்தார். மரக்கடைக்கு அப்புறம் என்ன என்பது வரவில்லை. பார்வை நழுவியது.

"கண்ணை."

மூன்றாவது தடவை அவருக்குக் கழுத்தெல்லாம் வியர்த்துவிட்டது.

"முடியல மேடம். வழி நல்லாத் தெரியும். உங்க கண்ணைப் பார்த்துக்கிட்டே அதைத் தேட முடியல."

பெனிட்டா நாற்காலியைப் பழைய இடத்துக்கே நகர்த்திக்கொண்டார்.

கோமதிநாயகம் கழுத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "தப்பு பண்ணிட்டேன்."

"என்ன செய்றீங்கன்னு நான் கேக்காம விட்டதும் தப்புதான்" என்றார் பெனிட்டா.

மறுநாளே கோமதிநாயகம் மேலப்பாளையத்துக்குப் போனார். நிலோபர் கட்டிலுக்கு அடியில் இருந்தாள். அவர் கட்டிலுக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்தார். எதுவும் சொல்லவில்லை. ஒரு மணி நேரம் இருந்துவிட்டு எழுந்து போனார். அடுத்த நாளும் வந்தார். அதற்கடுத்த நாளும்.

இரண்டு வாரம் போனது. ஒருநாள் நிலோபர் மெல்ல வெளியே வந்து, அவருக்குப் பக்கத்தில், அவரைப் போலவே சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். சமையல்கட்டில் ரஹ்மத் மீன் ஆணம் கொதிக்கவிட்டிருந்தாள்.

"உம்மா" என்றாள் நிலோபர். சுவரைப் பார்த்தபடியே.

ரஹ்மத் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். மகளின் தாடையைப் பிடித்து முகத்தைத் தன் பக்கம் திருப்பப் போனாள்.

"திருப்பாதீங்கம்மா" என்றார் கோமதிநாயகம்.

அன்று மாலை பெனிட்டாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்தபின் தயங்கினார்.

"ஆனா மேடம், ஸ்கூல்ல கேப்பாங்களே. முகத்தையே பாக்காத பிள்ளை நாம சொல்றதைக் கேக்குதுன்னு எப்படி நம்புறதுன்னு."

"அவ உம்மான்னு கூப்பிட்டப்ப, ரஹ்மத் எங்க பாத்துக்கிட்டு இருந்தாங்க?"

"அடுப்பை. எங்களுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நின்னாங்க."

"அவங்களுக்குக் கேட்டுச்சா சார்?" என்றார் பெனிட்டா.