பேக்கிங் அட்டைக்குள்ளே ஒரு மாப்பிள்ளை

காரைப்பாளையத்து அண்ணன் தம்பி மூணு பேரையும் யாராவது முட்டாள்னு சொன்னா எனக்குப் பொல்லாத கோவம் வரும். சொன்னதைச் சொன்னபடி செய்யறவனை எப்படி ஐயா முட்டாள்னு சொல்றது? நடந்ததைக் கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க.

மூத்தவன் அத்தப்பனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பொண்ணு பேரு சரசு. பார்த்த அன்னைக்கே அவள் மேல் உசுரையே வைத்துவிட்டான். பந்திக்கு மாப்பிள்ளை தோட்டத்து வாழையிலைதான் போடணும் என்பது மாமனாரின் ஒரே கண்டிஷன். அந்த நேரம் பார்த்துத் தோட்டத்துக்குத் தண்ணி இறைக்கிற டீசல் என்ஜின், பக்க மூடி வழியாக ஆயிலை ஒழுகவிட்டுப் படுத்துக்கொண்டது. வாழை வாடியது. அத்தப்பன் அதைவிட வாடினான்.

நடுத்தம்பி மாரப்பன் மெக்கானிக் ரத்தினத்துக்குப் போன் போட்டான்.

"மூடிக்கும் என்ஜினுக்கும் நடுவுல ஒரு பேக்கிங் அட்டை இருக்கும், அது கிழிஞ்சிருக்கும்," என்றார் ரத்தினம். "வீட்டுலயே செஞ்சுக்கலாம். கல்யாணப் பத்திரிகை மாதிரி கெட்டியா ஒண்ணு எடு. மூடி உக்கார்ற இடத்துல வெச்சு, விளிம்பு மேலயும் போல்ட்டு ஓட்டை மேலயும் சுத்தியால தட்டு, தானா வெட்டிக்கும். பச்சைக் குழந்தையைத் தட்டற மாதிரி பதமாத் தட்டணும். அப்புறம் ரெண்டு பக்கமும் கிரீஸ் தடவி, மூடியை வெச்சு போல்ட்டை முடுக்கு."

ஊரெல்லாம் கொடுத்தது போக வீட்டில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு பத்திரிகை. அதையே எடுத்து வைத்தார்கள். கடைசித் தம்பி நாச்சிமுத்து தட்ட, மாரப்பன் ஆராரோ பாடினான். கொஞ்ச நேரம் கழித்து என்ஜின் மேல் காதை வைத்துக் கேட்டான். சத்தமே இல்லை.

"தூங்கிருச்சு," என்று கிசுகிசுத்தான். அதற்கப்புறம் மூணு பேரும் சைகையில்தான் பேசிக்கொண்டார்கள்.

கிரீஸ் டப்பாவைத் திறந்ததும் சைகை போதவில்லை.

"பத்திரிகைக்கு மஞ்சளல்ல தடவோணும்?" என்றான் நாச்சிமுத்து.

"மெக்கானிக்கு கிரீஸ்னுதான் சொன்னாரு," என்றான் மாரப்பன்.

"முறைன்னு ஒண்ணு இருக்குதுங்ணா."

ஓரத்தில் மஞ்சள், மிச்ச இடத்தில் கிரீஸ் என்று யாருக்கும் மனஸ்தாபம் இல்லாமல் முடித்தார்கள்.

அப்போதுதான் அத்தப்பன் அலறினான். போல்ட்டு ஓட்டை ஒன்று சரியாக அவன் பேர் மேலேயே விழுந்திருந்தது. பேர் இருந்த வட்டத் துண்டு காற்றில் பறந்து போய்க் கிணற்றில் விழுந்துவிட்டது.

"சரசு பேரு இருக்குது. அண்ணன் பேரைக் காணமே!" என்றான் நாச்சிமுத்து.

"மத்த வீட்டுப் பத்திரிகையில என் பேரு இருக்குமல்லடா?" என்று நப்பாசையோடு கேட்டான் அத்தப்பன்.

மாரப்பன் ரொம்ப யோசித்தான். "அது அவங்கவங்க வீட்டுக்குங்ணா. நம்ம வீட்டுப் பத்திரிகைப்படி நீங்க மாப்பிள்ளை இல்லை."

அத்தப்பனும் தலையை ஆட்டி ஒத்துக்கொண்டான். மூடியை வைத்து முடுக்கினார்கள்.

"இப்ப அண்ணன் இருந்த இடத்துல ஆரு இருக்கறது?" என்றான் நாச்சிமுத்து.

"போல்ட்டு. அப்ப பத்திரிகைப்படி மாப்பிள்ளையும் அதுதான்," என்றான் மாரப்பன்.

அத்தப்பன் தோள்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். பாவம், தங்கமான பையன். எனக்கே மனசு கேக்கல.

ஆனால் ஒண்ணு சொல்லணும், என்ஜின் ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. வாழை தளதளவென்று நிமிர்ந்தது. முகூர்த்தத்தன்று இலைக்கட்டோடு அந்த என்ஜினையும் கழற்றி, பட்டு வேட்டி சுற்றி, மாலை போட்டு டெம்போவில் ஏற்றினார்கள். அத்தப்பன் பழைய சட்டையோடு மண்டப வாசலில் நின்று வருகிறவர்களுக்குச் சந்தனம் நீட்டிக்கொண்டிருந்தான்.

மாமனார் மூச்சிரைக்க ஓடிவந்தார். "என்னங் மாப்பிள்ளை, இங்க நிக்கறீங்க? மணவறைக்கு வாங்க, நேரமாச்சு!"

"நான் இல்லீங் மாமா." அத்தப்பன் டெம்போவைக் கை காட்டினான். "மாப்பிள்ளை அந்த மூடியில இருக்கறாருங். பத்தொம்பதாம் நம்பர் ஸ்பேனர் ஒண்ணு குடுத்தீங்கன்னா கழட்டிக் கூட்டியாந்தர்றோம்."

மாமனார் என்ஜினை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார். போல்ட்டைத் தொட்டுப் பார்த்தார். அவர் முகம் தொங்கிப் போனது.

"எங்க வீட்டுல பதினேழுதானுங்களே இருக்குது," என்றவர், உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். "மேளத்தை நிறுத்துங்கப்பா! முகூர்த்தத்தைத் தள்ளி வெச்சுக்கலாம்."