மஞ்சள் இலையும் பச்சை நரம்பும்

முன்னொரு காலத்திலே, எவ்வளவு முன் என்று என்னைக் கேட்காதீர்கள், காவளநாடு என்று ஒரு ராஜ்ஜியம் இருந்தது. அந்த நாட்டு ஜனங்களுக்கு ஒரு பழக்கம். யார்மீதாவது மரியாதை பொங்கினால் உடனே சுண்ணாம்புக் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். கோயில் மதிலுக்கு ஒரு பூச்சு, ஊர்க்கிணற்றுக்கு இரண்டு பூச்சு, செத்துப்போன நல்லவர் சமாதிக்கு மூன்று பூச்சு.

அந்த நாட்டுக்கு ஒருநாள் வக்கிரகேது என்ற மந்திரவாதி வந்தான். சந்தை மண்டபத்தில் உட்கார்ந்திருந்த ராஜா எழுந்து நின்று வரவேற்கவில்லை என்று அவனுக்குக் கோபம். "இந்த ஊரையே கல்லாக்கிவிடுகிறேன்" என்று கோலை ஓங்கினான். ராஜா ஆசனத்தோடு ஒட்டிக்கொண்டார். மந்திரி தூணுக்குப் பின்னால் போய்விட்டார். ஆடு மேய்க்கிற சடையன் மட்டும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான்.

"ஊரை விட்டுடுங்க சாமி. என்னை எடுத்துக்குங்க."

மந்திரவாதி சிரித்தான். "சரி, உன்னை மரமாக்குகிறேன். அதுவும் பனி கொட்டுகிற தூரதேசத்து ஹிக்கரி மரம். இந்த மண்ணில் ஒருவனுக்கும் அதற்கு வைத்தியம் தெரியாது. காய் முற்றித் தானாக விழுந்தால் நீ மனிதன். அதற்குள் கடைசி இலையும் மஞ்சளானால் நீ விறகு."

சொன்னவன் கோலைச் சுழற்றினான். சந்தை நடுவில் சடையன் நின்ற இடத்தில் ஒரு மரம் நின்றது. மந்திரவாதி கிளியாக மாறி, வேடிக்கை பார்க்க அரண்மனைக் கூரைமேல் உட்கார்ந்துகொண்டான்.

ஊர் சும்மா இருக்குமா? மரத்தைச் சுற்றி இடுப்பளவு மேடை கட்டினார்கள். வெள்ளிக்கிழமைதோறும் மேடைக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள், அடிமரத்துக்கும் அடித்தார்கள், குடம் கழுவின தண்ணீரை வேரிலேயே ஊற்றினார்கள். சடையனின் பெண்டாட்டி ஒச்சாயி தினமும் ஆடுகளை ஓட்டிவந்து அந்த நிழலில் உட்காருவாள். வீட்டுச் சங்கதியெல்லாம் சொல்லுவாள். இலைகள் சலசலக்கும். அதுவே அவளுக்குப் போதும்.

மூன்றாம் வருஷம் மரத்தில் காய் பிடித்தது. ஒச்சாயி நாளை எண்ணத் தொடங்கினாள். அப்போதுதான் உச்சாணிக் கிளையில் ஓர் இலை மஞ்சளானது. மறுநாள் ஐந்து, அதற்கு மறுநாள் ஒரு கிளை முழுக்க.

ராஜா பதறிப்போய் வைத்தியரை அனுப்பினார். "தாகம்" என்றார் வைத்தியர். நூறு குடம் தண்ணீர் ஊற்றினார்கள். இலை இன்னும் மஞ்சளானது. தளபதியை அனுப்பினார். "பூச்சி" என்றார் தளபதி. வேப்பிலைப் புகை போட்டு ஊரையே இருமவைத்தார். இலை இன்னும் மஞ்சளானது. ஜோசியரை அனுப்பினார். "மரியாதைக் குறைவு" என்றார் ஜோசியர். சுண்ணாம்புக் குடங்கள் வரிசையாக வந்தன. இலை மளமளவென்று மஞ்சளானது.

 ஒச்சாயிக்குச் சோறு இறங்கவில்லை. அவளே மரமேறி ஓர் இலையைப் பறித்து வெயிலில் பிடித்துப் பார்த்தாள். இலை மஞ்சள், நரம்பு பச்சை. தாகமென்றால் ஓரம் கருகியிருக்க வேண்டும், கருகவில்லை. பூச்சியென்றால் ஓட்டை இருக்க வேண்டும், இல்லை. எருப் பசியென்றால் கீழே இருக்கும் கிழட்டு இலைதான் முதலில் வெளுக்கும். இங்கோ உச்சியில் இருக்கும் பிஞ்சு இலை வெளுக்கிறது. இலை மஞ்சள், நரம்பு பச்சை. இதை எங்கேயோ பார்த்திருக்கிறாளே, எங்கே? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. அதற்குள் இன்னும் இரண்டு கிளை போயிற்று.

கடைசியில் ஆடுதான் காட்டிக்கொடுத்தது. சுண்ணாம்புக் காளவாயைத் தாண்டிப் போகும்போது ஓர் ஆடு ஆவாரஞ்செடியை முகர்ந்து பார்த்துவிட்டு, கடிக்காமல் நகர்ந்தது. ஒச்சாயி குனிந்தாள். இலை மஞ்சள், நரம்பு பச்சை. இருபதடி தள்ளிச் செம்மண்ணில் அதே ஆவாரை பச்சைப்பசேல் என்று நின்றது. இரண்டு கொத்தையும் ஒடித்துக்கொண்டு அரண்மனைக்கு ஓடினாள்.

"மகாராஜா, மேடையை இடிக்கணும். சுண்ணாம்பு கலந்த மண்ணை அள்ளணும்."

ராஜாவின் முகம் சிவந்தது. "அது நாங்கள் உன் புருஷனுக்குச் செய்த மரியாதை, பெண்ணே."

"அந்த மரியாதைதான் அவரு தொண்டையை அடைக்குது. மண்ணுல சத்து இருக்கு, சுண்ணாம்பு அதை எடுக்கவிடல. இந்த ரெண்டு கொத்தையும் பாருங்க."

ராஜா பார்த்தார், திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நீ சொல்வது தப்பாக இருந்தால்?"

"தப்பா இருந்தா நான் தாலியறுத்தவ. உங்களுக்கு ஒரு மேடைதானே போகும்."

ராஜா சேவகனைக் கூப்பிட்டார். கடப்பாரை கொண்டுவரச் சொன்னார். முதல் அடியை ஒச்சாயி போட்டாள். ஊர்ஜனம் வாயில் கைவைத்து நின்றது. மேடை உடைந்தது. வேர் அறுபடாமல் கையாலேயே தோண்டி, வெளுத்த மண்ணைக் கூடை கூடையாக அள்ளினார்கள். அந்த இடத்தில் செம்மண்ணும் காட்டின் மக்கின சருகும் போட்டார்கள். செம்மண்ணின் சிவப்பு இரும்புத் துருதான் என்று கொல்லர் சொல்லி அவள் கேட்டிருந்தாள். அதனால் துருப்பிடித்த லாடங்களைப் புளித்த மோரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் காலையில் ஒரு சொம்பு, ஒரே ஒரு சொம்பு, வேருக்கு ஊற்றினாள்.

இனிமேல் காத்திருக்க வேண்டும். அதுதான் கொடுமை. வைத்தியம் பார்த்த மறுநாளே மஞ்சள் இலை பச்சையாகிவிடுமா என்ன? மரத்தில் மிச்சம் பதினோரு பச்சை இலை. கூரையிலிருந்து கிளி இறங்கி வந்தது.

"இன்னும் ஒரு குடம் ஊத்து, சீக்கிரம் பிழைப்பான்" என்றது.

ஒச்சாயி ஊற்றவில்லை. மறுநாள் ஐந்து இலை. கிளி தோளிலேயே வந்து உட்கார்ந்தது.

"இன்னும் ஒரு குடம் ஊத்து. கல்நெஞ்சுக்காரி, புருஷன் சாகிறான் பார்."

ஒச்சாயி அழுதாள். கை தானாகக் குடத்துக்குப் போனது. குடம் குடமாக ஊற்றித்தானே ஊர் இந்த மரத்தை இப்படிப் படுத்தியது என்று நினைத்துக் கையை மடியில் கட்டிக்கொண்டாள். மூன்றாம் நாள் ஒரே இலை. அதிலும் பாதி வெளுத்துவிட்டது. ஜனம் கும்பிட்டு நின்றது. ராஜா கிரீடத்தைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"இன்னும் ஒரு குடம் ஊத்து" என்று கிளி அவள் காதிலேயே கத்தியது.

ஒச்சாயி காதைப் பொத்திக்கொண்டு கிளையையே பார்த்தாள். அந்த ஒற்றை இலையின் காம்படியில் ஒரு மொட்டு வெடித்துக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து எட்டிப்பார்த்த நுனி பச்சை. நரம்பு பச்சை, நரம்புக்கு நடுவிலும் பச்சை.

அவள் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் போய்விடுமோ என்று பயம். சாயங்காலத்துக்குள் ஊரே பார்த்துவிட்டது. பத்தே நாளில் மரம் மறுபடி தழைத்தது. காய் பருத்தது, முற்றியது, தோடு நான்காகப் பிளந்தது. ஒரு மத்தியான வேளையில் டக்கென்று ஒரு கொட்டை தரையில் விழுந்தது.

மரம் நின்ற இடத்தில் சடையன் நின்றான். மெலிந்து, வெளிறி, விலா எலும்பு தெரிய நின்றான். மந்திரம் முறிந்த அந்தக் கணமே கிளிக்கு மனிதப் புத்தி போய்விட்டது. 'இன்னும் ஒரு குடம், இன்னும் ஒரு குடம்' என்று சொல்லிக்கொண்டே பறந்தது. வேறொரு வார்த்தையும் அதற்கு வரவில்லை.

ராஜா மலையடிவாரத்து மேய்ச்சல் நிலம் முழுவதையும் அவர்கள் இருவருக்கும் கொடுத்தார். ஜனங்கள் அண்டா அண்டாவாகச் சோறும் பாயசமும் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். ஒச்சாயி குறுக்கே நின்றாள்.

"மூணு வருஷப் பசி. முதல்ல கஞ்சித் தண்ணி போதும்."

கிண்ணத்தை அவன் வாயருகே கொண்டுபோனாள். அவன் ஒரு வாய் குடித்தான்.

"சுண்ணாம்பு கொட்டினப்பல்லாம் கத்துனேன் புள்ள. யாருக்கும் கேக்கல."

"எனக்கும் கேக்கல" என்றாள் ஒச்சாயி. "உங்க பக்கத்துலயேதான் உக்காந்திருந்தேன். கதைபேசிக்கிட்டு."

சொல்லிக்கொண்டே முகத்தைத் திருப்பிக்கொண்டாள், கிண்ணம் சாய்ந்தது. கஞ்சி அலம்பியது. சடையன் தன் கையைக் கிண்ணத்துக்கு அடியில் கொடுத்துப் பிடித்துக்கொண்டான். இரண்டு பேருமாகப் பிடித்த கிண்ணத்தில் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் அவன் குடித்து முடித்தான். அவர்கள் அப்படிப் பிழைத்தார்கள். கேட்டவர்களும் எழுந்து போய்ச் சாப்பிடுங்கள்.