நெருப்பை மறித்த கரடி

ஒரு காட்டில், அடைமழை விட்ட காலையில், காய்ந்த இடம் என்று ஒன்றுமே இல்லை. மூங்கில் வெட்ட வந்தவர்கள் அணைக்காமல் போன நெருப்பு மட்டும் ஒரு பாறை இடுக்கில் எரிந்துகொண்டிருந்தது. குளிர் தாங்காத விலங்குகள் பயத்தை விட்டு அதன் எதிரே கூடின.

கடைசியாக ஒரு தாய்க்கரடி வந்தது. கரடிகளின் வழக்கப்படி அது குட்டியை முதுகில் சுமந்திருந்தது. ஓடையைக் கடக்கும்போது நனைந்துபோன குட்டி நடுநடுங்கி முனகியது. இதைக் காப்பாற்றியாக வேண்டுமே என்று கரடிக்கு ஒரே பதைப்பு. முயலையும் கீரியையும் இடித்துத் தள்ளிவிட்டு, நெருப்புக்கு நேர் எதிரே உட்கார்ந்துகொண்டது.

கதகதப்பு மார்பிலும் வயிற்றிலும் ஏறியது. அப்பாடா என்று இருந்தது.

"கரடியக்கா, கொஞ்சம் நகருங்கள். உங்கள் நிழல்தான் எங்கள் மேல் விழுகிறது. வெளிச்சம் படாத இடத்தில் அனலும் படாது" என்றது முயல்.

"புகை சுற்றி வரவில்லையா? அதுபோல அனலும் வரும். எனக்கே வேர்க்கிறது! உனக்கு என் இடத்தின் மேல் கண்."

"உங்கள் குட்டியும் நிழலில்தானே இருக்கிறது?"

"அதைப் பற்றி நீ பேசாதே. சூடு ஏறி நன்றாகத் தூங்குகிறது."

முயல் எட்டிப் பார்த்தது. அதன் குரல் தாழ்ந்துவிட்டது. "அக்கா, அது தூங்கவில்லை. நடுங்கக்கூடத் தெம்பில்லாமல் கிடக்கிறது."

கரடி கையைப் பின்னால் விட்டுத் தொட்டது. ஈர மயிர் சில்லிட்டிருந்தது. உலுக்கியும் குட்டி கண் திறக்கவில்லை.

"ஐயோ, உனக்கு வந்த சூட்டை நானே மறித்துவிட்டேனே!"

"அழ நேரமில்லை, அக்கா. முன்னால் கிடத்திவிட்டு விலகுங்கள்."

கரடி அப்படியே செய்தது. இடிபட்ட விலங்குகளில் ஒன்றுகூட அந்த இடத்துக்கு முண்டியடிக்கவில்லை. அனலை மறைக்காமல் ஓரமாக உட்கார்ந்து, கீரி குட்டியின் பாதங்களைத் தேய்த்தது. ஈர மயிரிலிருந்து மெல்ல ஆவி எழுந்தது.

வெகுநேரம் கழித்துக் குட்டி முனகியது.

வாரி எடுக்கக் கரடி நெருப்போரமாக ஓடியது. அதன் நிழல் குட்டியின் முகத்தில் விழுந்தது. கரடி சட்டென்று நின்றது. பின்வாங்கிப் போய், எல்லோருக்கும் பின்னால், குளிரில் உட்கார்ந்துகொண்டது.

நீதி: பிறருக்குச் சேர வேண்டியதை மறித்து நிற்பவர், தம் பிள்ளைக்கும் சேர்த்தே மறிக்கிறார்.