புரிகிற புத்தகம்

பெண்களுக்கு மார்க்கக் கல்வி சொல்லித்தரும் ஆலிமா சபுராவுக்கு முப்பது வயதுதான். அவரிடம் பாடம் கேட்க வரும் ஜுலைகாவுக்கு ஐம்பது. வயதைப் பார்த்துக்கொண்டிருந்தால் எப்போது படிப்பது என்று ஜுலைகா அதைக் கண்டுகொண்டதே இல்லை.

அன்று வந்தவள் உட்காரக்கூட இல்லை. பையிலிருந்த புத்தகங்களைப் பாயில் கொட்டினாள்.

"இதுல ஒண்ணாவது மனுஷர் படிக்கிற மாதிரி இருக்கா, நீங்களே சொல்லுங்க ஆலிமா."

சபுரா ஒன்றைப் புரட்டினார்.

"இஸ்லாமிய வரலாறுன்னு அட்டையில போட்டிருக்கு. உள்ளே யாருக்குப் பிறகு யார் ஆண்டாங்க, எந்த வருஷம் பொறந்தாங்க, எந்த வருஷம் மவுத்தானாங்க. அவ்வளவுதான். டெலிபோன் டைரக்டரி தேவலை. அந்தக் குண்டுப் புத்தகத்துல ஒரு வரியில பாதி அரபு. அடிக்குறிப்பைப் பார்த்தா அதுவும் அரபு. இந்த ஒல்லி நல்லாப் புரியுது. புரியுறதுக்கு உள்ளே ஒண்ணுமே இல்லை."

"யாருக்கு லாத்தா புத்தகம்?"

ஜுலைகா அப்போதுதான் உட்கார்ந்தாள்.

மகன் முஜம்மிலுக்கு. சென்னையில் விடுதியில் எவனோ அவனிடம், "நீங்கல்லாம் எங்கேயிருந்துடா வந்தீங்க?" என்று கேட்டுவிட்டான். பிள்ளைக்குப் பதில் வரவில்லை. உம்மாவிடம் கேட்டான். உம்மாவுக்கும் வரவில்லை. "தொழுதுட்டுப் படுடா" என்றாள். இப்போது போன் வீடியோவில் ஒருத்தன் கத்திக் கத்திச் சொல்வதுதான் அவனுக்கு வரலாறு. அதைக் கேட்டுக் கேட்டு, பெற்ற வாப்பாவையே "நீங்கல்லாம் முஸ்லிமா?" என்று கேட்டான். இருவருக்கும் பேச்சில்லை.

"வெள்ளிக்கிழமை வர்றான். இந்தத் தடவையும் என் கையில ஒண்ணும் இல்லேன்னா, அவன் எனக்கில்லை."

சபுரா எழுந்துபோய் அலமாரியிலிருந்து பழுத்துப்போன ஒரு தாளைக் கொண்டுவந்தார். அரபு எழுத்தைக் கண்டதும் ஜுலைகா முக்காட்டைச் சரிசெய்தாள். இரண்டு கையாலும் வாங்கி முத்தமிட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"ஓதுங்க."

"எனக்கு அர்த்தம் தெரியாதே."

"இவ்வளவு நாளும் தெரிஞ்சா ஓதினீங்க?"

ஜுலைகா முறைத்துவிட்டு ராகத்தோடு தொடங்கினாள். உடனே தடுக்கியது.

"இந்த எழுத்துக்கு ஏன் இத்தனை புள்ளி? குர்ஆன்ல இப்படிக் கிடையாதே. அச்சுப்பிழையா?"

"பிழையில்லை. ராகம் வேணாம். மீன்காரிகிட்ட பேசற மாதிரி வாசிங்க."

ஜுலைகா விரலை வைத்து எழுத்தெழுத்தாகக் கூட்டினாள். "க... கடல்... கடல் தா... தாண்டி..." விரல் நின்றுவிட்டது.

"ஆலிமா! இது தமிழ்!"

"தமிழ்தான். எழுத்து மட்டும் அரபு. இந்த ஊர்ப் பெண்கள் ஒரு காலத்துல இப்படித்தான் படிச்சாங்க."

அவள் குனிந்து வாசித்தாள்.

'கடல் தாண்டி வந்தவர்களைப் பார்த்து அந்த ராசா கேட்டார்: நீங்கள் ஆர்? சொந்த ஊரில் உங்களுக்கு என்ன குறை? அவர்களில் ஒருவர் முன்னே வந்தார். ராசாவே, நாங்கள் சொல்லுவதைப் பொறுமையாய்க் கேளும்...'

தாள் முடிந்துவிட்டது.

ஜுலைகாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "இதுதான் ஆலிமா! மீதியைத் தாங்க. ராவும் பகலும் உட்கார்ந்து தமிழ் எழுத்துல எழுதிடுறேன்."

"இது ஒண்ணுதான் இருக்கு."

"யார் வீட்டுல மீதி இருக்கு, சொல்லுங்க. சண்டை போட்டாவது வாங்கிட்டு வர்றேன்."

"எல்லார் வீட்டுலயும் இருந்துச்சு. நம்ம ஊர்க்காரங்களுக்கு மரியாதை அதிகம் லாத்தா. கிழிஞ்ச தாள் காலில் பட்டுடக் கூடாதுன்னு வெள்ளைத் துணியில கட்டி, கல்லு வெச்சு, கடல்ல இறக்கிட்டாங்க."

"ஒருத்தர்கூடவா பிரிச்சுப் பார்க்கலை?"

"பிரிச்சாங்க. அரபு எழுத்தைப் பார்த்ததும் கண்ணுல ஒத்திக்கிட்டு மூடிட்டாங்க."

வெளியே ஐஸ்காரனின் மணி அடித்துக்கொண்டே போனது. ஜுலைகா தாளைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெறுமை.

"அவங்க ராசாகிட்ட என்ன சொன்னாங்கன்னு உங்களுக்குத் தெரியுமே. நீங்க வாயால சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன்."

"தெரியும். நபி காலத்துல சொந்த ஊர்ல கொடுமை தாங்காம, கடல் தாண்டி அடைக்கலம் கேட்டுப் போன முதல் முஸ்லிம்கள் சொன்னது. அரபுல படிச்சேன். நான் தமிழ்ல சொன்னா அந்தக் குண்டுப் புத்தகம் மாதிரிதான் வருது. வகுப்புல பிள்ளைங்க தூங்குது."

"அப்ப வெள்ளிக்கிழமை நான் அவனுக்கு என்னத்தைக் கொடுக்க?"

சபுரா அந்தத் தாளை அவள் பக்கம் நகர்த்தினார்.

"கேள்வி வரைக்கும் இருக்கு லாத்தா. அவன்கிட்ட கேட்ட அதே கேள்வி. அதைக் கொடுங்க."