காய்த்த தென்னைக்குக் கீழே

பொள்ளாச்சியில் ஒரு பங்களா. பின்பக்கம், காய்த்துத் தொங்கும் தென்னைக்குக் கீழே சிட்-அவுட் கட்டினார்கள். மரச்சட்டம் அழகாகத் தெரியட்டும் என்று உள்பக்கம் சீலிங் போடாமல் விட்டுவிட்டார்கள்.

"கூரைக்குக் கால் இஞ்ச் பிளைவுட் போதும்" என்றார் இஞ்சினியர் திவாகரன்.

"தேங்காய் விழுந்தா தாங்குமுங்களா?" என்று கேட்டாள் பலகை சுமக்கும் பாவாத்தாள்.

"படிச்சது நானா, நீயா? யானையே விழட்டும், தாங்கும்!"

பிளைவுட் அடித்தாயிற்று. பாவாத்தாள் அதன் கீழே நாற்காலி போட்டு இஞ்சினியரை மரியாதையாக உட்கார வைத்தாள். பிறகு மர உச்சியைப் பார்த்துக் கத்தினாள்:

"மாரண்ணா, முத்தின குலையா வெட்டிப் போடுங்க! சார் கூரைக்குக் கீழேதான் இருக்காரு, பயமில்லீங்க!"

இஞ்சினியர் ஓடிப்போய் நின்றது தெருக் கேட்டில்தான்.

பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்காரம்மா சிரித்து முடித்து, ஒன்றரை இஞ்ச் பலகை பொறுக்கிவரப் பாவாத்தாளையே அனுப்பினார்.

மரத்தில் மாரண்ணன் இல்லை. ஓர் அணில்தான் இருந்தது.